எஸ்ஆர்-22 அனுப்பியாயிற்று என்று தரகர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

கலிபோர்னியாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் தண்டனை பெற்றவர்களும், அவர்களுக்காக அலைகிற குடும்பத்தினரும், கார் இன்சூரன்ஸ் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. என் தம்பி நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்டி, வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறான். அதில் எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு இன்சூரன்ஸ் தரகர் எங்களை ஏமாற்றியதைத்தான் எழுதுகிறேன்.

இத்தகைய தண்டனைக்குப் பின் உரிமம் திரும்பக் கிடைக்க எஸ்ஆர்-22 என்ற சான்று, ஓட்டுநர் உரிமம் வழங்கும் மாநில வாகனத் துறையான டிஎம்வி-யில் பதிவாகியிருக்க வேண்டும். பலர் நினைப்பதுபோல அது தனியாக விற்கப்படும் பாலிசி அன்று. இவருக்குச் சட்டப்படியான காப்பீடு இருக்கிறது என்று இன்சூரன்ஸ் நிறுவனமே டிஎம்வி-க்கு அனுப்பும் உறுதிச்சான்று அது. பொதுவாக மூன்று ஆண்டுகள் அது நடப்பில் இருந்தாக வேண்டும். இடையில் பாலிசி ரத்தானால் நிறுவனம் அதையும் டிஎம்வி-க்குத் தெரிவித்துவிடும், உரிமம் மறுபடி முடக்கப்படும். போதாக்குறைக்கு, நல்ல ஓட்டுநர்களுக்குக் கிடைக்கும் 20 சதவீதத் தள்ளுபடியும் பத்து ஆண்டுகளுக்குக் கிடையாது. ஆகவே இந்த நிலையில் நேர்மையாகச் சொல்லப்படும் பிரீமியம் எதுவும் கசக்கத்தான் செய்யும்.

தம்பியின் பழைய நிறுவனம் புதுப்பிக்க மறுத்த பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்தத் தரகரிடம் போனோம். தமிழ் பேசுபவர். மற்ற இடங்களில் சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவாகச் சொன்னார். "அண்ணா, ஒண்ணும் கவலைப்படாதீங்க, எஸ்ஆர்-22 இன்னைக்கே போயிடும்" என்றார். விண்ணப்பத்தைக் காட்டவில்லை, டேப்லெட்டில் கையெழுத்துக் கட்டத்தை மட்டும் பெரிதாக்கி நீட்டினார். அவர் கொடுத்த ரசீதில் மூன்று வரிகள் இருந்தன: முதல் தவணை 190 டாலர், தரகர் கட்டணம் 350 டாலர், நாங்கள் கேட்காத ஏதோ ஒரு மோட்டார் கிளப் உறுப்பினர் கட்டணம் 120 டாலர். இன்சூரன்ஸுக்குப் போனதைவிட அவருக்குப் போனது அதிகம்.

குடிக்கவில்லை என்று ஊதிக் காட்டினால்தான் வண்டியைக் கிளம்பவிடும் பிரீத்தலைசர் கருவியைக் காரில் பொருத்திக்கொண்டு, அந்தக் கருவியுள்ள வண்டியை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் கட்டுப்பாட்டு உரிமம் வாங்கத் தம்பி டிஎம்வி-க்குப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண்மணி திரையைப் பார்த்துவிட்டு, எஸ்ஆர்-22 எதுவும் வரவில்லை என்றார். இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினான். அது இதற்குச் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தரகரைக் கேட்டால், டிஎம்வி கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று பதில். பிறகு நிறுவனத்தையே நேரடியாக அழைத்தோம். விண்ணப்பத்தில் முந்தைய தண்டனைகள் பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று குறிக்கப்பட்டிருந்தது, எஸ்ஆர்-22 கேட்கப்படவே இல்லை. விலை எப்படிக் குறைந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஓட்டுநர் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்த நிறுவனம் சில நாட்களில் ரத்து அறிவிப்பை அனுப்பியது. புதிய பாலிசியை முதல் 60 நாட்களுக்குள் ரத்து செய்வது அவர்களுக்கு எளிது. அந்தப் பொய்யின் கீழே இருப்பதோ தம்பியின் கையெழுத்து.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தரகர் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று கையெழுத்திட்டிருக்கிறீர்களே என்றார். கலிபோர்னியாவில் தரகர் தனிக் கட்டணம் வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லி, எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டோம், வரவில்லை. மாநில இன்சூரன்ஸ் துறையிடம் ரசீதையும் விண்ணப்பத்தின் நகலையும் இணைத்துப் புகார் கொடுத்த பிறகுதான் மோட்டார் கிளப் பணம் மட்டும் திரும்பி வந்தது. 350 டாலர் குறித்து விசாரணை நடக்கிறது.

தரகரிடம் போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. இப்போதைய பாலிசியும் ஒரு தரகர் மூலம் எடுத்ததுதான். அவர் முதல் கேள்வியாகவே தண்டனைத் தேதியைக் கேட்டார், விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்துக் கையில் கொடுத்தார். பிரீமியம், முதல் தரகர் சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கையெழுத்திடும் முன் அந்தத் தண்டனைக் கேள்விக்கு என்ன பதில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். எஸ்ஆர்-22 போய்ச் சேர்ந்ததா என்பதை நிறுவனத்திடமும் டிஎம்வி-யிடமும் கேளுங்கள், தரகரிடம் அல்ல. தரகரின் உரிம எண்ணை மாநில இன்சூரன்ஸ் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். புகாருக்கு அவர்களுடைய தொலைபேசி எண் 1-800-927-4357.