லாஸ் வேகாஸ் என்.எஃப்.ஆர்: பேர்பேக் பார்க்க மட்டும் டிக்கெட் எடுக்கலாமா?

நேஷனல் ஃபைனல்ஸ் ரோடியோ (என்.எஃப்.ஆர்), அதாவது அமெரிக்கக் கௌபாய்களின் பத்து இரவு இறுதிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தாமதமாகப் போகாதீர்கள். குதிரை ஊர்வலம், தேசிய கீதம் எல்லாம் முடிந்ததும் முதல் போட்டியே பேர்பேக்தான், சேணமில்லாமல் துள்ளும் குதிரை மேல் எட்டு விநாடி தாக்குப்பிடிக்கும் பிரிவு. பார்க்கிங் தேடி, பாப்கார்ன் வரிசையில் நின்று ஆற அமர உள்ளே வந்தால் பதினைந்து பேரும் ஏறி இறங்கியிருப்பார்கள், அப்புறம் மாடு மடக்குவதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் போனது 2021 டிசம்பர், தாமஸ் அண்ட் மேக் அரங்கம். போனது கேசி ஃபீல்டுக்காக. யூட்டாக்காரர். 2011 முதல் 2014 வரை வரிசையாக நான்கு முறை உலகச் சாம்பியன், அதற்கப்புறம் பட்டம் கைக்கு வரவே இல்லை, ஆள் முடிந்துவிட்டார் என்று பலரும் நினைத்திருக்கலாம். 2020இல், கொரோனாவால் போட்டியை டெக்சாஸின் ஆர்லிங்டனுக்கு மாற்றிய வருடம், ஐந்தாவது பட்டத்தோடு திரும்பி வந்தார். பழைய பேர்பேக் சாம்பியன்கள் ஜோ அலெக்சாண்டரும் புரூஸ் ஃபோர்டும் வைத்திருந்த ஐந்து பட்டக் கணக்கை அப்போது எட்டிப் பிடித்தவர், நான் போன வருடம் ஆறாவதையும் வாங்கிவிட்டார். அப்பா லூயிஸ் ஃபீல்டும் 1985, 1986இல் இதே பிரிவில் சாம்பியன்.

அலெக்சாண்டர் 1971 முதல் 1975 வரை இடைவெளியே விடாமல் வென்றவர், அவர்தான் பெரியவர் என்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன். ஆனாலும் என் ஓட்டு கேசிக்குத்தான், ஏனென்றால் முப்பதைத் தாண்டி மறுபடி மேலே வருவதற்கு ஏற்ற விளையாட்டே இல்லை இது. சேணம் கிடையாது, கடிவாளம் கிடையாது. குதிரையின் தோளுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிய ரிக்கிங் என்ற தோல் பட்டை, அதில் சூட்கேஸ் கைப்பிடி மாதிரி ஒரு பிடி, அதற்குள் பிசின் தடவிய கையுறையோடு ஒரே ஒரு கை. ஒவ்வொரு துள்ளலும் அந்த முழங்கையிலும் கழுத்திலும்தான் வந்து இறங்குகிறது. வேகாஸில் இதே நாட்களில் நடக்கும் கண்காட்சியில் ஒரு கடையில் ரிக்கிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன், இவ்வளவுதானா என்று இருந்தது.

விதிகளைத் தெரிந்துகொண்டு போனால் எட்டு விநாடி நன்றாகவே நீளும். குதிரையை அடைத்திருக்கும் கூண்டின் கதவு திறந்து முதல் துள்ளலில் குதிரையின் முன்னங்கால் தரையைத் தொடும்போது, ஆளின் இரண்டு குதிகாலும் அதன் தோளுக்கு மேலே இருக்க வேண்டும். தவறினால் மதிப்பெண்ணே இல்லை. சும்மா இருக்கும் கை எதிலாவது பட்டாலும் அவ்வளவுதான். நூறில் பாதி மதிப்பெண் குதிரைக்கு, அதனால் குலுக்கலில் சோம்பேறிக் குதிரை வந்தால் சாம்பியனாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கேசி ஏறக்குறைய மல்லாந்து படுத்தபடி குதிமுள்ளை மேலே இழுப்பார், நேரில் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

இருக்கைதான் எனக்குச் சரியாக அமையவில்லை. மறுவிற்பனைத் தளம் ஒன்றில் அவசரப்பட்டு வாங்கியது, உச்சி வரிசை, குதிரைகளைத் திறந்துவிடும் மஞ்சள் கூண்டுகளுக்கு நேர் எதிர்முனை. ஆள் ரிக்கிங்கில் கையைத் திணிப்பது, தலையாட்டிக் கதவு திறக்கச் சொல்வது எதுவும் தெரியவில்லை, எல்லாம் பெரிய திரையில்தான். இரண்டு இரவுக்கான காசு இருந்தால் அதை ஒரே இரவில் கீழ் இருக்கைக்குப் போடுங்கள்.

எந்த இரவு? பட்டம் வருடம் முழுக்கச் சம்பாதித்த பரிசுப் பணத்தை வைத்துத்தான், இந்தப் பத்து இரவுப் பணமும் அதில் சேரும், அதனால் கடைசி இரவில்தான் கூட்டம் அள்ளும். பேர்பேக் மட்டும் போதும் என்றால் அதற்கு அலைய வேண்டாம். குதிரைகளைத் தரம் பிரித்து இரவுக்கு ஒரு கூட்டமாக விடுகிறார்கள், அதில் ஏறவே கஷ்டமான கூட்டத்துக்கு எலிமினேட்டர் என்று பெயர். அது எந்த இரவு என்று முன்கூட்டியே விசாரித்து அன்றைக்கு எடுங்கள்.