மரப்பட்டைத் தோலா, குரோம் தோலா: கையால் செய்த பெல்ட்டுக்கு எது பொருந்தும்?

கையால் செய்த தோல் பெல்ட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் பக்கிளையும்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் வெட்டு விளிம்பைப் பார்ப்பேன். விளிம்புக்குச் சாயம் பூசியிருந்தால் துளைக்குள் கூர்ந்து பார்க்கலாம். உட்புறம் வெளிர்பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமான தோல். நீலஞ்சார்ந்த சாம்பல் நிறம் தெரிந்தால், குரோமிய உப்பில் ஓரிரு நாளில் பதனிடப்பட்டது. ‘அசல் தோல்’ என்ற முத்திரை இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. தரத்தைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை.

மரப்பட்டைத் தோல் விறைப்பானது. மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றை அடுக்காகவே, அடியில் வேறு தோல் ஒட்டாமல், அது பெல்ட்டாக நிற்கும். விளிம்பை ஈரப்படுத்தி மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தால் இழைகள் படிந்து பளபளப்பேறும். குரோம் தோல் அப்படித் தேய்த்தாலும் படியாது என்பதால், அதன் விளிம்புக்குத் தடித்த சாயம் பூச வேண்டியிருக்கிறது. நாளடைவில் அச்சாயம் வளைவுகளில் வெடித்து உரிகிறது. குரோம் தோல் மென்மையானது, இழுபடக் கூடியது. ஆகவே அதை இரண்டு அடுக்காகத் தைக்காவிட்டால், தினமும் பக்கிள் முள் நுழையும் துளை வட்டம் மாறி நீள்கிறது. என்னிடமுள்ள பழைய குரோம் பெல்ட்டில் அந்த ஒரு துளை மட்டும் அரிசி மணி போல நீண்டுவிட்டது.

ஆனால் நீருக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுப்பதில் குரோம் தோலே மேல். நன்கு பதமான குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். பட்டைத் தோலோ அதில் சுருண்டுவிடும், மழைத்துளி பட்டாலும் கறை பிடிக்கும். வியர்வையிலும் மழையிலும் வேலை செய்பவர் குரோமைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. மற்றவர்களுக்கு என் பரிந்துரை பட்டைத் தோல்தான். அதிலும் விலங்கின் முதுகுப் பகுதியில் வெட்டியதாக இருக்க வேண்டும், ஏனெனில் வயிற்றுப் பகுதித் தோல் எளிதில் இழுபடும்.

தையலையும் கவனிக்க வேண்டும். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைத்துத் தைத்த கைத்தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும். எந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டிருப்பதால், ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் நெகிழத் தொடங்கும்.

பராமரிப்பில் பட்டைத் தோல் கூடுதல் கவனம் கேட்கும். உலர்ந்த துணியால் துடைப்பதும், ஆண்டுக்கு இரண்டு முறை கண்டிஷனரை (தோல் வறளாமல் காக்கும் பூச்சு) சிறிதளவு தடவுவதும் அதற்குப் போதும். ஆர்வக்கோளாறில் ஒருமுறை நான் அடுத்தடுத்து மூன்று பூச்சு எண்ணெய் விட்டேன். பெல்ட் கறுத்துத் துவண்டதோடு சட்டையிலும் எண்ணெய்க் கறை ஏறியது. குரோம் தோலுக்கு அந்த அளவு ஊட்டமும் வேண்டியதில்லை. துடைத்து வைத்தாலே பெரும்பாலும் போதும். எதுவாயினும், நனைந்த பெல்ட்டை வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைக்காமல், பக்கிளில் மாட்டித் தொங்கவிட்டு நிழலில் உலர்த்த வேண்டும்.