டி.ஏ.விலிருந்து மெடிக்கலில் வெளியே வர நினைப்பவர்களுக்கு: ஃபைலை ஏஜென்ட் கையில் கொடுத்துவிடாதீர்கள்

டெரிட்டோரியல் ஆர்மியில் (டி.ஏ.) இருந்து மெடிக்கல் போர்டு, அதாவது உடல் தகுதியை முடிவு செய்யும் ராணுவ டாக்டர்கள் குழு, வழியாக வெளியே வர யாராவது இப்போது ஒரு ஏஜென்ட்டிடம் பேசிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

நான் 2015-ல் சேர்ந்தேன். தெரியாதவர்களுக்காக: டி.ஏ. என்பது சொந்தப் பிழைப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, கூப்பிடும்போது போய் யூனிஃபார்ம் போடுகிற படை. 1949 அக்டோபர் 9-ல் ராஜாஜி தொடங்கிவைத்தது. நம்மைக் கூப்பிட்டுப் பணியில் வைத்திருக்கும் காலத்துக்கு எம்பாடிமென்ட் என்று பெயர். அந்த நாட்களில் டியூட்டியில் அடிபட்டு ஊனமானால், டிசெபிலிட்டி பென்ஷன் விஷயத்தில் ரெகுலர் ஜவானுக்கு உள்ள விதிதான் பொதுவாக நமக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏஜென்ட் ஒருவரின் மாடிப்படியை ஏறியிருக்க மாட்டேன்.

2020 ஜனவரி, காஷ்மீர். ரேஷன் ஏற்றி வந்த லாரியின் பின்பக்கம் இறங்கும்போது, பனி உறைந்திருந்த இரும்பில் பூட்ஸ் வழுக்கி வலது முட்டி திரும்பிவிட்டது. உள்ளே ஏதோ அறுபட்ட சத்தம் எனக்கே கேட்டது. மிலிட்டரி ஆஸ்பத்திரியில் லிகமென்ட் ஆபரேஷன் செய்தார்கள். யூனிட்டில் இஞ்சுரி ரிப்போர்ட் போட்டு, டியூட்டியில் பட்ட காயம் என்று சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி) கையெழுத்தும் போட்டார். நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். அதன் அருமை அன்று தெரியவில்லை.

பிறகு உடல் தகுதி குறைந்தவர் என்று டெம்பரரி மெடிக்கல் கேட்டகிரி, அப்புறம் பெர்மனன்ட். 2022-ல் மாடி ஏறினாலே முட்டி வீங்கும் நிலை. இனி முடியாது என்று தெரிந்தபோதுதான் ஒரு பழைய நண்பன் அந்த ஆளைச் சொன்னான். ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், போர்டில் ஆள் இருக்கிறது, மூன்றே மாதத்தில் பென்ஷனோடு வெளியே எடுத்துவிடுவார் என்று.

அவர் பேசிய விதம் அப்படி. "தம்பி, யூனிட்டுக்கு நீங்களா எழுதினா வருஷக்கணக்கா இழுப்பாங்க. ஃபைலைக் குடுத்துட்டுப் போங்க, மிச்சத்தை அண்ணன் பார்த்துக்கறேன்." இரண்டு தவணையாக 60,000 ரூபாய் வாங்கினார், ரசீது இல்லை. என் ஒரிஜினல் காகிதங்கள் மொத்தத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். நான்கு வெள்ளைத் தாள்களில் கையெழுத்து வாங்கினார். ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாளிலும் வாங்கினார். நான் அதைப் படிக்கவில்லை. அண்ணன் என்று கூப்பிட்ட பிறகு எப்படிக் கேட்பது என்று ஒரு கூச்சம்.

இதில் மோசமான காரியம் பணமோ கையெழுத்தோ அல்ல, அவர் வாங்கிக் கொடுத்த ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட். "கேஸ் கனமா இருக்கணும் தம்பி" என்று சொல்லி, என்னை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காத தனியார் டாக்டர் ஒருவரிடம் எழுதி வாங்கியிருந்தார். முட்டித் தேய்மானம், 2014 முதல் வலி என்று அதில் இருந்தது. ஆண்டு மட்டும் வேறு பேனா மையில். நான் சேர்ந்ததே 2015-ல்! பழைய வியாதி என்றால் ஊனம் பெரிதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. சர்வீஸுக்கு வருவதற்கு முன்பே இருந்த வியாதி என்று நானே எழுதிக் கொடுத்ததாகத்தான் அது போர்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

போர்டு முடிந்து 2023 தொடக்கத்தில் வெளியே வந்தேன். பென்ஷன் வரவில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருந்த ஒரு சார்தான் போர்டு காகிதத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னார். ஊனம் 30 சதவீதம், ஆயுளுக்கும். அதற்குப் பக்கத்திலேயே, ராணுவ சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் கூடியதும் இல்லை. ஆர்மியில் இதை 'நானா' (NANA, Neither Attributable Nor Aggravated) என்பார்கள். இரண்டாவது வரி அப்படி இருந்தால் முதல் வரிக்கு மதிப்பே இல்லை. சேவையால் வந்தது என்று இருந்திருந்தால், 20 சதவீதமே போதும் என்ற விதியில் நான் தேறியிருப்பேன். போர்டு அவுட் ஆனவருக்கு 30-ஐ 50 ஆக உயர்த்திக் கணக்கிட்டும் கொடுப்பார்கள்.

"உங்க இஞ்சுரி ரிப்போர்ட் எங்கேப்பா?" என்று அவர் கேட்டபோதுதான் ஃபைலைத் திருப்பி வாங்கப் போனேன். எல்லாம் இருந்தது, அந்த ஒரு தாள் மட்டும் இல்லை. டைப் அடித்த தாளின் நகலும் அப்போதுதான் கண்ணில் பட்டது: சொந்த விருப்பத்தில் வெளியேறுகிறேன், எந்தப் பலனும் கோரமாட்டேன்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. என் மனைவி அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள்.

பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மெடிக்கல் போர்டுக்குக் கட்டணமே கிடையாது. எழுத வேண்டியது உங்கள் யூனிட்டுக்குத்தான். போர்டு நடவடிக்கை நகலை ஆர்.டி.ஐ. போட்டு வாங்கலாம். என் இஞ்சுரி ரிப்போர்ட்டின் நகலும் யூனிட்டிலிருந்து அப்படித்தான் கிடைத்தது, ஐந்து மாத அலைச்சலுக்குப் பிறகு. பென்ஷனை மறுத்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், பிறகு இரண்டாவது, அதற்கும் மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் கிளை இருக்கிறது.

சேரும்போது எந்த நோயும் பதிவாகாதவருக்குப் பின்னால் வந்தது சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு துறையுடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நமக்கு இருந்த பெரிய பாதுகாப்பு அது. 2014 என்று எழுதிய அந்த சர்ட்டிபிகேட் அதைத்தான் உடைத்தது. எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று முடங்கிவிடவும் வேண்டாம். பானி ராம் என்ற டி.ஏ. வீரர் விபத்தில் கால் இழந்தவர், 80 சதவீத ஊனம். பலன் கேட்கமாட்டேன் என்ற உறுதிமொழியைக் காட்டி அவருக்குப் பென்ஷனை மறுத்தார்கள். அது செல்லாது, பென்ஷன் கொடு என்று 2021 டிசம்பர் 17-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. என் வக்கீல் அதைத்தான் முதலில் வைத்திருக்கிறார். முதல் அப்பீல் தள்ளுபடி, இரண்டாவதும் தள்ளுபடி. இப்போது வழக்கு தீர்ப்பாயத்தில்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். 15,000 ரூபாய் திரும்பி வந்தது. நான்கு வெள்ளைத் தாள்களில் மூன்று எங்கே பயன்பட்டது என்று தெரிந்துவிட்டது. நான்காவது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.