மேவிக் 3 மல்ட்டிஸ்பெக்ட்ரல்: வயலுக்குச் சரி, காட்டுக்கு?

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் 2018 வறட்சிக்குப் பிறகு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகளைப் பட்டைவண்டு மளமளவென்று காலி செய்தது. வண்டு ஏறிய மரத்தை, பட்டைக்கடியில் வளரும் அடுத்த தலைமுறை பறக்குமுன் வெட்டி வெளியேற்றிவிட வேண்டும். அதற்குக் கோடையில் கிடைப்பது ஏறத்தாழ 6 முதல் 10 வாரம். அந்த மரங்களை மேலிருந்து கண்டுபிடிக்க, சீன நிறுவனமான டிஜேஐயின் இந்த மேவிக் 3 மல்ட்டிஸ்பெக்ட்ரல் ட்ரோன் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்குமா?

20 மெகாபிக்சல் வண்ணக் கேமராவோடு 5 மெகாபிக்சல் கேமராக்கள் நான்கு இருக்கின்றன: பச்சை 560, சிவப்பு 650, சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ரெட் எட்ஜ் 730, அகச்சிவப்பு 860 நானோமீட்டர். காசு கொடுப்பதே அந்த 730-க்குத்தான். சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுப் பசுமையை அளக்கும் என்டிவிஐ குறியீடு அடர்ந்த காட்டில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். லேசாக வாடிய மரமும் நல்ல மரமும் ஒன்றுபோலத் தெரியும். சிவப்புக்குப் பதில் ரெட் எட்ஜை வைத்துப் போடும் என்டிஆர்இ குறியீடு பச்சையம் குறைவதை அதைவிட முன்னதாகக் காட்டும்.

ஒரே பறப்பில் 200 ஹெக்டேர் என்பது விளம்பரம். காட்டில் அதை மறந்துவிடலாம். மர உச்சிக்கு மேல் 80 மீட்டரில், முன்பின் 85%, பக்கவாட்டில் 80% படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்றால் 10 மீட்டருக்கு ஒரு படம், வரிசைக்கு வரிசை 19 மீட்டர். எல்லாக் கேமராக்களும் சேர்ந்து எடுக்கக் குறைந்தது 2 விநாடி இடைவெளி வேண்டும். ஆகவே வேகம் விநாடிக்கு 5 மீட்டர்தான். 43 நிமிடம் பறக்கும் என்பது பெட்டிமேல் எழுதியிருக்கும் கணக்கு. 30 நிமிடம் உருப்படியாகப் பறந்தால், திருப்பங்கள் போக, 15 ஹெக்டேர் கிடைக்கும். அதற்கே கிட்டத்தட்ட 4,000 கோப்புகள் சேரும். 64 ஜிபி கார்டு இரண்டாவது பறப்பைத் தாங்காது.

நேரம் மிச்சம் என்று படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அளவை 70 சதவீதத்துக்கு இறக்கினால் வரைபடத்தில் ஓட்டை விழும். காற்றில் கிளைநுனி ஆடுவதால் அடுத்தடுத்த படங்களில் ஒரே புள்ளியை மென்பொருளால் பொருத்த முடிவதில்லை. காற்று வீசும் நாளில் 85-ம் போதாது.

திட்டு மேகம் அதைவிடத் தொல்லை. மேலே உள்ள வெயில் சென்சார் ட்ரோன் இருக்கும் இடத்து வெளிச்சத்தைத்தான் அளக்கும். கீழே காட்டில் நிழல் எங்கே விழுகிறது என்று அதற்குத் தெரியாது. சுத்த வெயில் அல்லது சீரான மூட்டம், இரண்டில் ஒன்று வேண்டும். எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்று முன்பே அளந்து வைத்த வெளிச்ச அளவுத் தட்டைத் தனியாக வாங்கி, பறப்புக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள்.

ட்ரோன் தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது பறக்கும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்காகிறது. பள்ளத்தில் நின்று ஏற்றினால் எதிர்மேட்டின் உயரத்தோடு 35 மீட்டர் மரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மெல்லிய சுள்ளிகள் தடை சென்சாருக்குத் தெரியும் என்று நம்பவே வேண்டாம்.

குறியீட்டைக் கணக்கிடும்போது மரத்தின் வெயில்படும் மேல்முடியை மட்டும் எடுங்கள். நிழல் பிக்சல்கள் கலந்தால் நல்ல மரமும் நோயாளியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில் பறந்து வித்தியாசத்தைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் வண்டு ஏறிய மரத்தை இது நம்பகமாகக் காட்டாது. சந்தேகப் பட்டியல்தான் தரும். வண்டு துளைத்துத் தள்ளும், காப்பித்தூள் போன்ற பழுப்புத் தூள் அடிமரத்தில் உதிர்ந்திருக்கிறதா என்று ஒருவர் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே செத்த மரங்களின் ஓரத்திலிருந்து தொடங்கினால் நடை குறையும்.

இந்தியாவில் 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை என்பதால் உள்நாட்டு ட்ரோனில் தனிக் கேமரா மாட்டலாம். ரெட் எட்ஜ் இல்லாத கேமராவை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.