ரிவர்ஸ் தோள்மூட்டு: கை தூக்க நல்லது, முதுகுப் பக்கம் கொண்டுபோகச் சிரமம்

தோள்மூட்டு மாற்று ஆபரேஷனில் இரண்டு வகை உண்டு. வழக்கமான வகையில் மேற்கை எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்தும், தோள்குழியில் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்துவார்கள். பந்தைக் குழியில் பிடித்து வைக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநார்கள் நன்றாக இருந்து, மூட்டு மட்டும் தேய்ந்திருந்தால் இதுவே போதும். தசைநார் கிழிந்தவருக்கு இது ஒத்துவராது. பிடித்து வைக்க ஆளில்லாத பந்து மேலேறி, கிண்ணத்தின் மேல் விளிம்பையே அழுத்திக்கொண்டிருக்கும். கிண்ணம் ஆடி ஆடிக் கழன்றுவிடும்.

அப்படிப்பட்டவர்களுக்காக பிரான்சின் டிஜோன் நகர மருத்துவர் பால் கிராமோன் 1985-ல் உருவாக்கியதுதான் ரிவர்ஸ். பந்து தோள்பட்டை எலும்புக்கும் கிண்ணம் மேற்கைக்கும் இடம் மாறின. சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் இறங்குவதால் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்கு நெம்பும் பலம் கூடுகிறது; கிழிந்த தசைநார் இல்லாமலே கை உயர்கிறது. அதனால் டெல்டாய்டும் அதற்குப் போகும் நரம்பும் வேலை செய்தாக வேண்டும். அவை செயலிழந்திருந்தால் இந்த ஆபரேஷனில் பயனில்லை.

வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தாங்க எலும்பில் திருகும் அடித்தகடு. அதைக் குழியின் கீழ் விளிம்பை ஒட்டிப் பொருத்த வேண்டும். சற்று மேலே போனாலும், கையைக் கீழே விடும்போதெல்லாம் கிண்ணத்தின் ஓரம் தோள்பட்டை எலும்பின் கழுத்தில் உரசி அதை அரிக்கும். மேற்கை எலும்போடு கிண்ணம் 155 டிகிரி சாய்வில் அமையும் பழைய வடிவத்தில் இந்தத் தொல்லை அதிகம். 135 டிகிரி வடிவங்களில் குறைவு. குழி எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை சிடி ஸ்கேனில் அளந்து திட்டமிடும் மருத்துவரிடம் போவதே எங்கள் பரிந்துரை.

குறை என்றால், கை முதுகுப் பக்கம் போவதுதான். தலை சீவலாம், மேல் அலமாரியில் டப்பா எடுக்கலாம். ஆனால் உள்ளாடைக் கொக்கி மாட்டுவதும் கழிவறையில் கழுவுவதும் பலருக்குக் கஷ்டமாகவே நிற்கும். இடது தோளில் ஆபரேஷன் என்றால் நம் ஊரில் இதை முன்கூட்டியே பேசியாக வேண்டும். பல ஆலோசனைகளில் இந்தப் பேச்சே வருவதில்லை. இரண்டு தோளும் பழுதென்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

முதல் 12 வாரம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவோ, அந்தக் கையை ஊன்றி நாற்காலியிலிருந்து எழவோ கூடாது. மூட்டு நழுவுவது பெரும்பாலும் அந்த நிலையில்தான். சில மாதம் கழித்து, ஆபரேஷனுக்குப் பின் நன்றாக இருந்த அதே தோளின் உச்சியில் திடீரென வலி வந்தால் அங்கே எலும்பு கீறியிருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. சிடி எடுக்கச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் உதிரிபாகங்களின் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் கிண்ணத்தை மட்டும் மாற்ற நேர்ந்தால் அதே நிறுவனத்தின், அதே அளவு வேண்டும்.