பள்ளிப் பயிற்சிக்கு வாங்கிய பிரதிபலிப்பு நாட்குறிப்பு: 16 வாரம் எழுதிய பின் ஒரு மதிப்புரை

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014 விதிமுறைகளின் வழியே பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கிய பின், பள்ளியில் பயிற்சி பெறும் 20 வாரங்களில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. அந்தப் பயிற்சிக்கென்று கல்லூரிக்கு எதிரே உள்ள கடையில் 120 ரூபாய் கொடுத்து வாங்கிய, அன்றன்று வகுப்பில் நடந்ததை எழுதி யோசித்துப் பார்ப்பதற்கான அச்சிட்ட நாட்குறிப்பு இது. கடைசிப் பக்கம் வரை எழுதி முடித்துவிட்டதால், அதன் தரத்தைப் பற்றியும், அதைவிட முக்கியமாக அது ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு உதவும் என்பதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியும்.

தாளிலும் கட்டிலும் குறையில்லை. நூல் தையல் போட்டிருப்பதால் மேசையில் விரித்தால் விரித்தபடியே கிடக்கிறது. மைப்பேனாவில் எழுதினாலும் மறுபக்கம் ஊறவில்லை.

நாளுக்கு ஒரு பக்கம். ஓர் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்குக் கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறு படிநிலைகளே தலைப்புகள்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். வரிசை சரி; இடம் ஒதுக்கியதுதான் தவறு. நடந்ததை எழுத 12 வரிகள், பகுப்பாய்வுக்கு இரண்டே வரிகள்.

ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களை, அதாவது கீழ் எண் வேறுபடும் பின்னங்களை, கூட்டக் கற்பித்த நாளில், 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று பாதிப் பேர் எழுதினார்கள். 'மாணவர்கள் கவனிக்கவில்லை, மீண்டும் பயிற்சி தேவை' என்று அந்த இரண்டு வரிகளை நிரப்பினேன். வழிகாட்டி ஆசிரியரின் கையொப்பமும் கிடைத்தது. வாரக் கடைசியில் புரட்டியபோது அதே வாக்கியம் மூன்று நாள்களில் இருந்தது உறுத்தியதால், அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கரும்பலகையில் வரைந்த படத்தை மீண்டும் வரைந்து பார்த்தேன். இரண்டு கட்டமாகப் பிரித்த ஒரு செவ்வகம், அருகே மூன்று கட்டமாகப் பிரித்த இன்னொன்று, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டத்துக்கு வண்ணம். எண்ணினால் ஐந்து கட்டங்களில் இரண்டு! பிள்ளைகள் என் படத்தை மிகச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ஒரே காகிதப் பட்டையை ஆறு பங்காக மடிக்கச் சொல்லி, அரைக்கு எத்தனை பங்கு, மூன்றில் ஒன்றுக்கு எத்தனை பங்கு என்று அவர்களையே எண்ண வைத்தேன். 5/6 என்ற விடை அவர்கள் வாயிலிருந்தே வந்தது. அந்த ஒட்டுத் தாள் இல்லாவிட்டால் பிழை என்னுடையது என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பக்கந்தோறும் அடியில் உள்ள கையொப்பக் கட்டமும் எனக்குச் சரியாகப் படவில்லை. மதிப்பெண் போடுகிறவர் அன்றன்றே படிப்பார் என்றால், தன் தவறை எழுதப் பயிற்சி மாணவருக்குக் கை வராது. வாரம் ஒரு கையொப்பம் போதும்.

கல்லூரி கட்டாயப்படுத்தினால் இதை வாங்கலாம், ஆனால் ஒட்டுவதற்குத் தாள்களையும் சேர்த்து வாங்குங்கள். கட்டாயம் இல்லையென்றால், கோடில்லாத நீளமான நோட்டு ஒன்றில் வலப்பக்கம் அன்றன்றே எழுதி, இடப்பக்கத்தைக் காலியாக விட்டு, ஒரு வாரம் கழித்துப் படித்து வேறு நிற மையில் நிரப்புங்கள். வேலையில் சேர்ந்த பின் நான் எழுதப்போவதும் அப்படித்தான்.