காற்றில் சுற்றிய பிளேடைப் பார்த்து மெஷின் வாங்கிய கதை

சமையல் மேடைக்குக் கிரானைட் வெட்டும் சின்னப் பட்டறை போட, பழைய பிரிட்ஜ் கட்டர் (ரெயில் மேல் ஓடும் பிளேடால் கல் வெட்டும் மெஷின்) தேடுகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு விற்றவர் பேச்சில் தேன் ஒழுகும். மெஷினில் புத்தம் புது நீலப் பெயின்ட். ஸ்விட்சைப் போட்டார், 400 மி.மீ. பிளேடு சத்தமே இல்லாமல் சுற்றியது. ஒரு அடித் துண்டை வெட்டியும் காட்டினார். ஓரம் பளிச்சென்று இருந்தது. அவ்வளவு சின்னத் துண்டில் எந்த ஓட்டை மெஷினும் நேராகத்தான் வெட்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

பட்டறையில் இறக்கி, முதல் முழு ஸ்லாபை ஏற்றினோம். மூன்று மீட்டர் வெட்டி நேர்கோல் வைத்தால் நடுவில் 4 மி.மீ. இடைவெளி. சுவரை ஒட்டும் பக்கமென்றால் எதையாவது பூசி மறைக்கலாம். இரண்டு துண்டு சேரும் ஜாயின்ட்டில் என்ன செய்வது? போதாததற்கு ஓரமெல்லாம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது.

மெக்கானிக் வந்து ரெயில் மேலிருந்த ரப்பர் உறையைக் கழற்றினார். வெளியே புதுப் பெயின்ட், உள்ளே துரு அரித்த பள்ளம். பிளேடை எடுத்துவிட்டு, அதைச் சுற்றவைக்கும் தண்டான ஸ்பிண்டிலை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். லொடக் லொடக். செத்த பேரிங்கில் கெட்டி கிரீஸை அடைத்துச் சத்தத்தை அமுக்கியிருக்கிறார்கள்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "லாரியில ஏத்தும்போது நீங்கதான் இடிச்சிருப்பீங்க தம்பி" என்றார். ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருந்தது. கீழே என் கையெழுத்து. அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

இலவசமாகக் கொடுத்த இரண்டு கறுப்பு ஸ்லாபும் சாயம் ஏற்றியவை. சிங்க் ஓட்டை போட்டபோது வெட்டுமுகம் சாம்பல் நிறம். அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் தேய்த்தேன், துணி கறுத்துவிட்டது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், வாங்கும்போதே செய்திருக்கலாம்.

முழு ஸ்லாபை யார் சுமந்துகொண்டு போய்ச் சோதிப்பது என்று நினைக்காதீர்கள். 30 மி.மீ. கனமென்றால் சதுர மீட்டருக்கு 80 கிலோ வரும், உண்மைதான். விற்பவரிடம் கிடக்கும் ஸ்லாபுக்குக் காசு கொடுத்தாவது நீளமாக ஒரு வெட்டு, அதற்குக் குறுக்கே ஒரு வெட்டு போடச் சொல்லுங்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 900, மறுபக்கம் 1200 மி.மீ. குறித்தால், மூலை செங்கோணமாக இருக்கும்போது இரண்டு குறிக்கும் இடையே 1500 வர வேண்டும். தண்ணீரும் மெஷினின் சொந்தக் குழாயிலிருந்தே வரட்டும். எனக்கு விற்றவர் ஹோஸைக் கையில் பிடித்துத் தண்ணீர் விட்டுக் காட்டினார். ஏனென்று நான் கேட்கவில்லை. உள்குழாய் முழுக்கச் சேறு இறுகிக் கிடந்தது. தண்ணீரில்லாமல் வெட்டினால் கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலையே கெடுத்துவிடும்.

ரெயிலை முழுதாக மாற்ற வேண்டுமாம். அதுவரை வெட்டும் வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டு, சொரசொரப்பான 50-ஆம் நம்பர் பாலிஷ் பேடிலிருந்து மிக நைஸான 3000 வரை மாற்றி மாற்றி ஓரம் மட்டும் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறேன்.